காலை ஆறு முதல் எட்டு வரை

இக்கட்டுரையை எழுதுவது ஒருவர் கை. சொல்வது இருவர் வாய். எங்களுள் மனைவிக்கு முடக்குவாத நோய். பேனாவைப் பிடித்து அரைப்பக்கத்துக்கு மேல் எழுத அவரால் இயலாது. கணவருக்கு எழுத இயலும். எதை எழுதுவது, எதை விடுவது என்பதில்தான் பழக்கம் இல்லை. ஆகவே ஒருவர் சொல்ல மற்றவர் எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டும்போது "நான் இப்படிச் சொல்லவில்லையே" என்று மறுப்பு வந்து, அடித்துத் திருத்தி, மூன்று மாலைகளில் இதனை முடித்தோம். 'நாங்கள்' என்று வரும் இடங்களில் எல்லாம் இருவரையும் சேர்த்தே படிக்க வேண்டுகிறோம். நோய் ஒருவருக்கு என்றாலும், அதனோடு குடித்தனம் நடத்துவது இருவருந்தான்.

2009ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முறுக்குப் பிழிய உட்கார்ந்தபோதுதான் முதன்முதலாகத் தெரிந்தது. அச்சை அழுத்த விரல்கள் வரவில்லை. மார்கழிக் குளிர் என்று நினைத்தோம். தை பிறந்தது, குளிர் போயிற்று, விரல்களின் விறைப்பு மட்டும் போகவில்லை. இரு கைகளின் கணுக்களும் ஒன்றுபோல வீங்கின. பின்னர் மணிக்கட்டு, பின்னர் கால் விரல்களின் அடிமூட்டு. அப்போது மனைவிக்கு வயது நாற்பத்தாறு. "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்று அண்டை அயலார் ஆறுதல் கூறினர். அவர்கள் நினைத்தது முழங்கால் தேய்மானத்தை. இது தேய்மானம் அன்று. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே தன் வீட்டைப் பகைவீடு என்று தவறாக எண்ணி, மூட்டின் உட்சவ்வைத் தாக்குவது இந்நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. நாட்டு வழக்கில் சரவாங்கி என்பார்கள். முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. அவற்றுள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது மெத்தோட்ரெக்ஸேட் என்னும் சிறு மஞ்சள் மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அதனை உட்கொள்ள வேண்டும். மறதியால் நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே கேடு. ஆகவே சுவரில் தொங்கும் மறைமாவட்ட நாள்காட்டியில் வியாழக்கிழமைகளை எல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தோம். அந்த வட்டங்களைக் கண்ட பங்குத்தந்தை, நற்கருணை ஆராதனைக்காகவே குறித்திருக்கிறோம் என எண்ணி மிகவும் பாராட்டினார். நாங்களும் மறுத்துச் சொல்லவில்லை.

இந்நோயின் கொடுமை காலை நேரம். உறக்கத்தில் மூட்டுகள் இறுகிவிடும். விழித்ததும் விரல்களை மடக்க முடியாது. மடங்கியிருந்தால் நீட்ட முடியாது. அது இளக ஒரு மணி நேரம், சில நாள்களில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். எங்கள் வீட்டில் காலை ஆறு முதல் எட்டு வரையிலான பொழுது வேறோர் ஆட்சியின் கீழ் இருக்கிறது என்றே சொல்லலாம். முதலில் வெந்நீர். ஒரு பாத்திரத்தில் கைபொறுக்கும் சூட்டில் வைத்து, இரு கைகளையும் அதில் பத்து நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். அடுத்துக் காப்பித் தம்ளரை இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்துக் குடித்தல். பிறகு உடை. ரவிக்கைக் கொக்கிகளை மாட்டுவது கணவரின் வேலை. தொடக்கத்தில் இது எவ்வளவு நாணத்தைத் தந்தது என்று வெளியார்க்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அன்பினால் தொடுவது வேறு. அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்து கொக்கிகளை மாட்டுவது வேறு. ஒரு நாள் மூன்றாவது கொக்கி நழுவியபோது கணவர் 'ச்சே' என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மனைவி ஆறு மாதம் அழுதிருக்கிறார். கணவருக்கு அது அன்றைக்கே மறந்துவிட்டது. இக்கட்டுரைக்காகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவர் அதனை அறிந்தார்.

அந்தக் காலை ஆறு மணிக்குத்தான் எங்கள் பங்கில் ஞாயிறு முதல் திருப்பலியும். இருபது ஆண்டுகளாகத் தவறாமல் முன்வரிசையில் இருந்த பெண் வரவில்லை என்றால் கேட்பார்கள் அல்லவா? கேட்டார்கள். ஒன்பது மணிப் பூசைக்குப் போனால், எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிட முடியாமல் உட்கார்ந்திருப்பதைத் திரும்பிப் பார்த்தார்கள். செபமாலையின் மணிகள் விரலிடையில் நகரவில்லை. சமாதானம் சொல்லக் கைகுவித்தால் விரல்கள் நேராகச் சேரவில்லை. கோணிய விரல்களைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ளும் பழக்கம் அப்போது தொடங்கியது. நோயாளிகளுக்கும் முதியோருக்கும் திருச்சபைச் சட்டம் எவ்வளவு இரக்கம் காட்டுகிறது என்பதை நாங்கள் அப்போது அறியோம். நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசம்கூட அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் எழுதியிருக்கிறது. நாங்களோ, வெறும் வயிற்றில் விழுங்கக்கூடாத வலிமாத்திரையைத் தவக்கால வெள்ளிகளில் வெறும் வயிற்றில் விழுங்கி, இரைப்பைப் புண்ணையும் விலைகொடுத்து வாங்கினோம்.

இனி, நெடுநாள் பேசாமல் இருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2013ஆம் ஆண்டு ஒரு குணமளிக்கும் செபக் கூட்டத்துக்குச் சென்றோம். எந்த ஊர், யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். பெருங்கூட்டம், உருக்கமான பாடல்கள், எங்களுக்கும் கண்ணீர் வந்தது. அது பொய்க் கண்ணீர் அன்று. இரண்டாம் நாள் மாலை, மேடையில் இருந்தவர் கைநோய் உள்ளவர்கள் எழுந்து கைகளை உயர்த்துமாறு சொன்னார். மனைவி உயர்த்தினார். அந்த வாரம் நோய் சற்றே அடங்கியிருந்த வாரம், கைகளும் உயர்ந்தன. மேடைக்கு அழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், 'என் விரல்கள் மடங்குகின்றன' என்று மனைவி சாட்சி சொன்னார். இறங்கி வந்தபோது, இனி மாத்திரை விழுங்குவது ஆண்டவரை நம்பாமைக்கு அடையாளம் என்று ஒருவர் காதோரம் சொன்னார். நாங்கள் வீடு திரும்பி மாத்திரைகளை நிறுத்தினோம்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் நேரவில்லை. இத்தகைய மருந்துகளின் ஆற்றல் உடனே விலகிவிடுவதில்லை என்பதைப் பிற்பாடு அறிந்தோம். அப்போதோ, அது வாக்கின் நிறைவேற்றமாகத் தோன்றியது. இரண்டாம் மாதம் வீக்கம் திரும்பிற்று. மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் பேர்முன் சாட்சி சொன்னவர் எப்படித் திரும்பவும் மருத்துவமனை வரிசையில் போய் நிற்பது? விசுவாசம் குறைந்ததனால்தான் நோய் திரும்பியது என்று ஊர் சொல்லாதா? இப்படியே ஏழு மாதங்கள் போயின. கடைசியில் படம் எடுத்துப் பார்த்தபோது வலது மணிக்கட்டின் எலும்புகள் அரிக்கப்பட்டிருந்தன. அரித்த எலும்பு மீண்டும் வளராது. இன்றளவும் அம்மணிக்கட்டு ஒரு கதவின் துருப்பிடித்த கீல்போல ஒரே நிலையில்தான் நிற்கிறது.

செபத்தை நாங்கள் குறை கூறவில்லை. அன்றும் இன்றும் செபிக்கிறோம். மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானநூல் முப்பத்தெட்டாம் அதிகாரம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. நலம்வேண்டிச் செபிப்பது இயற்கையான மருத்துவ வழிகளை விலக்குவதில்லை, மாறாக அவற்றைப் பயன்படுத்தத் தூண்டுகிறது என்று உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2000ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தல் வெளியிட்டிருக்கிறது. ஒரு பக்கம் இதைச் சொல்லும்போதே மறுபக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. மருத்துவ உலகமும் இவ்வாறு அவசரப்பட்டதுண்டு. 1948இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹெஞ்சும் அவருடைய கூட்டாளிகளும் இந்நோயால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டனர். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். உலகமே அற்புதம் என்றது. 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. பக்கவிளைவுகளின் கணக்கு அதற்குப் பின்னர்தான் வந்து சேர்ந்தது. உடனடி நலத்துக்கு மனித மனம் எவ்வளவு ஏங்கிக் கிடக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். எங்களை அந்த மேடைக்கு ஏற்றியதும் அந்த ஏக்கந்தான்.

மணிக்கட்டைப் பற்றி எங்களுக்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. சண்டை இல்லை, குற்றச்சாட்டு இல்லை, பார்ப்பவர்களுக்கு முன்னுதாரணமான தம்பதியர். கணவர் மருந்துக் கணக்கர் ஆனார். மாத்திரையை எண்ணுவார்; இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் கட்டுவார்; ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்த மூட்டில் எவ்வளவு வலி என்று நாள்தோறும் கேட்டு எழுதுவார். மனைவி எதற்கும் 'சரி' என்பார். சாப்பிடுகிறாயா, சரி. மகனிடம் பேசுகிறாயா, சரி. கோயிலுக்குப் போகலாமா, இன்னொரு நாள். அச்சொல்லின் அடியில் என்ன இருந்தது என்பதை அந்த நோட்டுப் புத்தகத்தின் எந்தப் பக்கமும் காட்டவில்லை. பிற்பாடு அப்புத்தகத்தை நிறுத்திவிட்டோம். மருத்துவருக்குத் தேவையான அளவு குறித்தால் போதும். எங்களுக்கு அது வலியை நாள்தோறும் பீடத்தில் ஏற்றி வைத்துத் தூபமிடுவது போல ஆகிவிட்டது.

2016ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஓர் இரவு, விளக்கை அணைத்த பிறகு, மனைவி சொன்னார்: "என்னங்க, காலையில முழிப்பே வராம இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது."

கணவர் என்ன செய்தார் என்பதை அவரே எழுதச் சொல்கிறார். விளக்கைப் போடவில்லை. கையைப் பிடிக்கவில்லை. அப்படி எல்லாம் பேசுவது பாவம் என்றார். சிலுவையைச் சுமக்க வேண்டும் என்றார். உன்னைவிடத் துன்பப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் என்றார். மனைவி 'சரி' என்றார். இருவரும் விடியும்வரை விழித்தே கிடந்தோம்.

அடுத்த மாதப் பரிசோதனையின்போது மூட்டுநோய் மருத்துவர் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகப் பேனாவைக் கீழே வைத்தார். "தூக்கம் எப்படிம்மா? எதிலாவது ஆசை இருக்கா?" என்று கேட்டார். மனைவி பதில் சொல்லவில்லை, அழுதார். அந்த இரவின் சொல்லைக் கணவர்தான் சொன்னார். நாள்பட்ட மூட்டு நோயாளிகளிடையே மனச்சோர்வு மற்றவர்களைவிட மிகுதி என்றும், மூட்டில் வீக்கத்தை உண்டாக்கும் பொருள்களே மூளையையும் பாதித்து உடல் அசதியையும் உள்ளச் சோர்வையும் கூட்டக்கூடும் என்றும், இது குணக்கேடோ விசுவாசக் குறைவோ அன்று என்றும் அம்மருத்துவர் விளக்கினார். மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மனநலப் பிரிவின் வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த ஒன்றரை மணி நேரம்! மேடையில் ஏறியதைவிட அது கடினமாக இருந்தது. எதிர்வரிசையில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நாங்களும் சுவரில் இருந்த அறிவிப்பை மும்முரமாகப் படிக்கலானோம். ஞாயிறுதோறும் ஒரே பந்தியில் உண்கிறவர்கள் நாங்கள். அங்கே ஒருவரை ஒருவர் அறியோம். நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர் அதனைத் திருமண வீட்டில் சப்தமாகச் சொல்கிறார். மனத்துக்கு மாத்திரை உண்பவர் அதைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். நாங்களும் ஒளித்துத்தான் வைத்தோம்.

அம்மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று வாரங்கள் ஆயின. அதைவிட, மருத்துவர் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைத்ததே பெரிய மருந்தாக இருந்தது. மூன்றாம் சந்திப்பில் மணிக்கட்டின் பேச்சு வந்தது. "நான்தான் மேடை ஏறினேன். நான்தான் நிறுத்தினேன். உங்களுக்கும் பாரமாயிட்டேன்" என்றார் மனைவி. கணவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நீ நிறுத்துறேன்னு சொன்னப்ப நான் ஏன் தடுக்கலன்னு உனக்குத் தெரியுமா? மாசாமாசம் மருந்துச் செலவு மிச்சம்னு ஒரு நிமிஷம் நெனச்சேன்." அவர் அதனை ஒப்புரவு அருட்சாதனத்தில் இருமுறை சொல்லியிருக்கிறார், மனைவியிடம் சொன்னதில்லை. மனைவி அழவில்லை. மருத்துவமனைப் படியிறங்கும்போது, "நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றார்.

அதன்பின் அன்றாட வாழ்வு எளிதாயிற்று என்று எழுத விருப்பம். எளிதாகவில்லை, ஒழுங்காயிற்று. உடலின் வலுவை நியாயவிலைக் கடை அரிசிபோல அளந்து செலவழிக்கக் கற்றோம். மாலையில் ஒரு திருமண வரவேற்பு என்றால் அன்று காலை துவையல் அரைப்பது இல்லை. துணி துவைத்த நாளில் கடைக்குப் போவது இல்லை. நல்ல நாள் வாய்த்துவிட்டால் வீட்டையே புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்து, மறுநாள் இரண்டு நாள்களுக்குப் படுத்துவிடுவது மனைவியின் வழக்கம். அதை விடுவதற்குத்தான் மிகுந்த பயிற்சி தேவைப்பட்டது. திருகு குழாய்களை எடுத்துவிட்டு, முழங்கையால் தட்டினாலே திறக்கும் குழாய்களைப் போட்டோம். கரண்டிக் காம்புகளில் பழந்துணியைச் சுற்றித் தடிப்பாக்கினோம். பையை விரலில் தூக்காமல் முன்கையில் மாட்டிக்கொள்வது. குக்கரை இரு கைகளாலும் துணிவைத்துப் பிடிப்பது. நின்றுகொண்டு செய்யும் சமையலை உட்கார்ந்து செய்வது. சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடனை நிறைவேற்றும் என்பதால் காலை விறைப்போடு போராடுவதை விட்டோம். செபமாலைக்குப் பதிலாகப் பத்து முடிச்சுகள் போட்ட தடித்த நூற்கயிறு ஒன்றை மனைவியே தயாரித்துக்கொண்டார். முடிச்சுப் போட்டது மட்டும் கணவர்.

எங்கள் நிலையறிந்த நண்பர் ஒருவர், பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் இதே நோயால் கைகள் கோணிய பின்னும், 1919இல் இறக்கும்வரை, பிறர் தம் விரலிடையில் வைத்த தூரிகையால் ஓவியம் வரைந்தார் என்று எழுதி அனுப்பினார். படித்துக் காட்டியதும் மனைவி, "அவருக்கு மாவரைக்கிற வேலை இருந்திருக்காது" என்றார். மிக நீண்ட காலத்துக்குப் பின் எங்கள் வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் என நினைக்கிறோம்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 11 வந்தது. லூர்து அன்னையின் திருநாளாகிய அந்நாளை உலக நோயாளர் நாளாகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்தினார் என்பது வாசகர்கள் அறிந்ததே. எங்கள் பங்கில் அன்று நோயாளிகளுக்கு நோயில்பூசுதல் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். மனைவி வர மறுத்தார். அவருடைய சிறுவயதில் அதன் பெயர் அவஸ்தைப்பூசுதல். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு தெருவுக்குள் நுழைந்தால், அந்த வீட்டில் பந்தல்கால் நடப்போகிறார்கள் என்றே பொருள். பாட்டியின் நெற்றியில் அந்த எண்ணெய் மின்னியதை அவர் மறக்கவில்லை. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அச்சடங்கைத் திருத்தி அமைத்ததையும், அது இறப்போர்க்கு மட்டும் உரியது அன்று, கடும் நோயுற்றோர்க்கும் உரியது என்பதையும் கணவர் ஒரு வாரம் எடுத்துச் சொன்னார். சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு, தாமாகவே, "கொக்கியை மாட்டுங்க, போகலாம்" என்றார்.

நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார்கள். நெற்றி எளிது. கைகளுக்கு வந்தபோது இளம் உதவிப் பங்குத்தந்தை உள்ளங்கையை எதிர்பார்த்து நின்றார். மனைவி சேலைத் தலைப்பை விலக்கிக் கைகளை நீட்டினார். அவை விரியவில்லை. பின்னால் நீண்ட வரிசை. கணவருக்கு வியர்த்துவிட்டது. அருள்தந்தை அவசரப்படவில்லை. தம் இடக்கையால் அந்தக் கைகளை அடியிலிருந்து தாங்கிக்கொண்டு, மடங்கிய விரல்களுக்கு இடையே பெருவிரலை நுழைத்து, இரண்டு உள்ளங்கைகளிலும் மெதுவாகச் சிலுவை அடையாளம் இட்டார். நோய் நீங்கவில்லை. மறுநாள் காலையும் ஆறு முதல் எட்டு வரை வழக்கம்போலவே இருந்தது. ஆயினும், சேலைத் தலைப்புக்குள் கையை மறைக்கும் பழக்கம் அன்றோடு நின்றது என்று கணவர் சொல்கிறார். அன்றோடு அன்று, சிறுகச் சிறுகத்தான் என்று மனைவி திருத்துகிறார்.

அன்று எங்களுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர், மனநலப் பிரிவில் நாளிதழை விரித்தவர். இம்முறை அவரிடம் நாளிதழ் இல்லை. திருப்பலி முடிந்து வெளியே வந்ததும், "அந்தப் பிரிவில் டோக்கன் காலை ஏழுக்கே கொடுத்துவிடுகிறார்கள், உங்களுக்கு நேரத்தோடு வர முடியாதே, நான் வாங்கி வைக்கட்டுமா?" என்று கேட்டார். சிரேன் ஊர்ச் சீமோனும் சிலுவையைத் தானாகக் கேட்டு வாங்கவில்லை, இவர் கேட்டார்.

இப்போது மனைவிக்கு மனச்சோர்வு மாத்திரை மருத்துவரின் சொற்படி குறைக்கப்பட்டு, நிறுத்தப்பட்டு, கொரோனாக் காலத்தில் 2020ஆம் ஆண்டு மறுபடியும் தொடங்கப்பட்டு, இன்றும் தொடர்கிறது. அது சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இல்லை. வியாழக்கிழமை மாத்திரையோடு ஒரே பெட்டியில் இருக்கிறது. அந்த நண்பர் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். நோயைப் பற்றிப் பேசுவது குறைவு. சின்ன வெங்காயத்தின் விலை, அன்பியக் கூட்டத்தில் யார் எவ்வளவு நேரம் பேசினார் என்பன போன்றவையே பேச்சு. புறப்படும்போது சமையலறைக்குப் போய், அந்த வாரத்துக்குத் தேவையான ஊறுகாய்ப் புட்டிகளின் மூடிகளைத் திருகித் தளர்த்தி வைத்துவிட்டுப் போவார். கணவருக்கும் இப்போதெல்லாம் அவை எளிதில் திறப்பதில்லை.